புஷ்பா அக்காவும் என் டைகரும்

அன்று காலை டைகர் கயிற்றை வாயில் கவ்விக்கொண்டு கேட் அருகே நின்றிருந்தான். எதிர்வீட்டுப் புஷ்பா அக்கா வரும் நேரம். அவருக்குப் பதில் அவர் மகன் வந்தான். "ஆன்டி, அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றான். டைகர் அவனைத் தாண்டி அந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பில் வாழும் உங்களுக்கெல்லாம் அவர் ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியை. கோயில் அன்னதானத்தில் வரிசையைக் கட்டுப்படுத்தும் உரத்த குரல். எனக்கு அவர் என் நாய்க்குட்டியைப் பறித்துக்கொண்டவர். போனவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்பீர்கள். உள்ளதைத்தான் எழுதுகிறேன்.

டைகரை வாங்கி வந்தவள் நான். ஊசி போடக் கூட்டிப்போனவள், குளிப்பாட்டியவள், தரையைத் துடைத்தவள் எல்லாம் நான்தான். அவனோ சோபாவைக் கிழித்தான், என் கணவர் ஆபிஸுக்குப் போட்டுப்போகும் சப்பாத்தைக் கடித்துக் குதறினான். யாருக்காவது கொடுத்துவிடுவது என்று கணவர் முடிவே செய்துவிட்டார். நான் டைகரைத் திட்டும் சத்தம் கேட்டு அக்கா எங்கள் கேட் வரை வந்தார்.

"அது கெட்ட குட்டி இல்லமா. காலுக்கு வேலை இல்ல, அதான் வாய்க்கு வேலை குடுக்குது. கயித்தக் குடு, நான் நடக்க வச்சிட்டு வரேன்."

அன்று முதல் தினமும் வெயில் ஏறுவதற்குள் இருவரும் கிளம்பிவிடுவார்கள். கிளம்புமுன் குனிந்து புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்துப் பார்ப்பார். "என் கை தாங்கலன்னா அது காலும் தாங்காது லா" என்பார். ஒருநாள், களைத்தால் தூங்குவான் என்று திடலில் நான் பந்தை எறிந்துகொண்டே இருந்தேன். "எலும்பு இன்னும் முத்தல. கொஞ்சம் ஓடட்டும், கொஞ்சம் மோந்து பாக்கட்டும், தண்ணி குடிச்சிட்டுப் படுக்கட்டும்" என்று பந்தை வாங்கிக்கொண்டார். டைகர் பந்தோடு அவர் பின்னால் போய்விட்டான். எனக்கு வயிறு எரிந்தது.

சோபா பிழைத்தது, டைகரும் எங்கள் வீட்டிலேயே தங்கினான். ஆனால் அக்காவின் சிலிப்பர் சத்தம் கேட்டால் நான் ஊட்டும் கோழியைக்கூட விட்டுவிட்டு ஓடுவான். நானும் விடாமல் இறைச்சியைக் கூட்டிப் பார்த்தேன். அவனுக்கு வயிற்றுப்போக்கு வந்ததுதான் மிச்சம். அதற்கும் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தவர் அக்காதான். அவன் நக்கியதும் அவர் கையைத்தான்.

காரியம் முடிந்த மறுநாள் நானே அவனை அக்கா போகும் வழியில் கூட்டிப்போனேன். சந்தியில் அப்பம் விற்கும் அம்மா, "இது டீச்சரோட நாய்தானே?" என்றார். போயும் விடமாட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"என் நாய்."

"ஓ, அது நீங்கதானா? டீச்சர் சொல்லுவாங்க. 'போறப்ப இது மெதுவா மோந்துகிட்டு வரும், திரும்புறப்ப என்னை இழுக்குது, வீட்டுக்காரிகிட்ட போக அவ்ளோ அவசரம், பாத்தா எனக்கே பொறாமையா இருக்கு'ன்னு."

நான் அப்பம் வாங்கிக்கொண்டேன்.

சாலையில் புறங்கையை வைத்துப் பார்க்கும் பழக்கத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அவர் சொன்னது சரிதான், திரும்பும்போது டைகர் இழுக்கத்தான் செய்கிறான். ஆனால் இப்போது நான் அவன் பக்கத்திலேயே நடக்கிறேன், என்னைத் தேடி இழுக்க வேண்டியதில்லை. அவன் இழுத்துக்கொண்டு போய் நிற்பது உங்கள் வீட்டுக் கேட்டில், அக்கா. நானும் கூடவே நிற்கிறேன். எனக்கு இன்னும் பொறாமைதான்.