சிரிக்க வைத்துப் படமெடுத்த நாச்சம்மாள்

சென்ற வெள்ளிக்கிழமை காலை, நாமக்கல் பஸ் டிரைவர் சேலத்தில் என் போட்டோ கடை வாசலிலேயே வண்டியை நிறுத்தினார். "ஏனுங்க, நம்ம படக்கார அம்மா போயிட்டாங்க" என்றார். நாச்சம்மாளை அறிந்த உங்களில் பலருக்கும் செய்தி இப்படி யாராவது நின்று சொல்லித்தான் வந்திருக்கும். அழ நினைத்தேன். நினைவுக்கு வந்ததெல்லாம் சிரிப்பாகவே இருந்தது.

நாமக்கல்லில் ஸ்டுடியோ வைத்திருந்தவர் அவருடைய கணவர். அவர் காய்ச்சலில் படுத்த ஒரு நாள், காத்திருந்தவர்களைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல் நாச்சம்மாளே காமிராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். படத்தைக் கழுவிப் பார்த்த கணவர், "இனிமே நீ எடு, நான் பொட்டியத் தூக்கறேன்" என்றாராம். கடைசிவரை அப்படியே தூக்கினார். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் காமிரா பிடித்தது அதுவே முதல் தடவை. தொழில்காரனான எனக்கு அது பிடிக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு திருச்செங்கோட்டில் ஒரு கல்யாணத்துக்குப் படமெடுக்கப் போனேன். அந்நிய ஆண் முன்னால் நிற்க மாட்டோம் என்று பெண்கள் எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். வேறு வழியின்றி நானே நாச்சம்மாளுக்கு ஆள் அனுப்பினேன். மறுநாள் காலையில் வந்து இறங்கினார். "கோவிச்சுக்காதீங்க, கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்று என்னை அனுப்பிவிட்டு முற்றத்துக் கதவைச் சாத்தினார். உள்ளே என்ன பேசினாரோ, எங்களுக்குக் கேட்டது சிரிப்புச் சத்தம் மட்டும்தான்.

படத்தைப் பார்த்ததும் பெண்ணின் தகப்பனார் கொதித்தார். அந்நாளில் படமென்றால் விறைப்பாக நிற்க வேண்டும். இதிலோ அத்தனை பெண்களும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஊட்டு மானம் போச்சு. படம் பதிஞ்ச அந்தக் கண்ணாடித் தகட்ட ஒடச்சுப் போடுங்க!"

"ஒடைக்க மாட்டனுங்க. படத்துல இருக்கறவங்களக் கேளுங்க" என்றார் நாச்சம்மாள்.

பெண்ணின் தாயார் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "இது நானுங்களா? நான் சிரிச்சா இப்படியா இருப்பேன்?" என்று கேட்டு, மறுபடியும் அதேபோலச் சிரித்தார். அடுத்த மாதம் அந்தப் படம் அவர்கள் வீட்டுக் கூடத்தில் தொங்கியது. சட்டம் போட்டு மாட்டியது தகப்பனாரேதான்.

அதற்குப்பின் ராசிபுரத்திலிருந்தும் ஆத்தூரிலிருந்தும் பெண்களே வண்டி கட்டிக்கொண்டு அவரைத் தேடிப் போனார்கள். "மூஞ்சி தானா வெளிய வரோணுங்க. அதுவரைக்கும் நாமதான் காத்திருக்கோணும்" என்பார்.

எத்தனையோ பேரைப் படமெடுத்த என்னை யாரும் எடுத்ததில்லை. ஒருமுறை சேலம் வந்தவர், என்னை என் கடை நாற்காலியிலேயே உட்கார வைத்தார். நானும் விறைத்தேன். "ஏனுங்க, பல்லுப் புடுங்கறதுக்கா உக்காந்திருக்கீங்க?" என்றார். சிரித்துவிட்டேன்.

அந்தப் படம்தான் என்னிடம் இருக்கும் அவருடைய சொத்து. கடை முகப்பில் வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் அதைக் காட்டி, "இதே மாதிரி எடுத்துக் குடுங்க" என்கிறார்கள். நானும் எடுத்துப் பார்க்கிறேன், இன்னும் கைவரவில்லை.