மண்ணுக்குள் கிடந்த இருபது மீட்டர்

சோலைச்சாமிக்கு வயரைவிட மண்ணைத்தான் நன்றாகத் தெரியும். இடைசெவலில் நாலு ஏக்கர் கரிசலில் பருத்தியும் கம்பும் போட்டுப் பார்த்தவர், மழை மூன்று வருஷம் ஏமாற்றியதும் வயரிங் வேலை கற்றுக்கொண்டு கோவில்பட்டிக்கு சைக்கிள் மிதிக்க ஆரம்பித்தார். பஞ்சு மில்களுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் பூவனநாதனின் பட்டறையில் அவர்தான் வயர்மேன். மாதம் பிறந்தால் சம்பளம். வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அந்த வேலை போனால் அவருக்கு வேறு கதி கிடையாது.

எண்பத்தேழாம் வருஷம் தை மாதம் பட்டறைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதற்கு ஏ.சி. அறை, முதலாளிக்கு மின்விசிறி. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதுவரை புது லேத் மெஷினுக்கு எங்கே எவ்வளவு வெட்ட வேண்டும் என்ற கணக்கைக் காகித நாடாவில் ஓட்டை போட்டுக் கொடுப்பார்கள். புழுதியில் நாடா சிக்கும், கிழியும். இனிமேல் ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்தே அந்தக் கணக்கு வயர் வழியாக முற்றத்தைத் தாண்டி மெஷினுக்குப் போகும் என்றார் மெட்ராஸிலிருந்து வந்த என்ஜினியர். வயர் போட முற்றத்தில் தோண்டிய பள்ளம் எண்பது மீட்டர். வயர் நூறு மீட்டர் வந்தது.

"ஒரு முழம்கூட அதிகம் கூடாது. நீளம் கூடினா கணக்கு தப்பாப் போய்ச் சேரும். நேரா, டைட்டா இழுத்துப் போடுங்க. மிச்சத்தை ஸ்டோர்ல குடுத்துடுங்க," என்றார் என்ஜினியர்.

"சார், இது கரிசல். இப்ப ஈரமா இருக்கு. பங்குனி சித்திரையில கை நுழையுத மாதிரி வெடிச்சுரும். டைட்டா போட்டா வயர் அந்துரும்," என்றார் சோலைச்சாமி.

"நீங்க வயரைப் பாருங்க. மண்ணை நான் பாத்துக்கறேன்."

என்ஜினியருக்கு மண் என்றால் செருப்பில் ஒட்டுவது, அவ்வளவுதான். மெஷின் கொட்டகையிலிருந்து முதல் பத்து மீட்டரைத் பக்கத்திலேயே நின்று இழுத்துப் போட வைத்தார். மணி ஒன்றானதும் சாப்பிடப் போனார். சோலைச்சாமி கொஞ்ச நேரம் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மீதி வயர் முழுவதையும் பாம்பு போகிற மாதிரி வளைத்து வளைத்துப் போட்டு, என்ஜினியர் கை கழுவி வருவதற்குள் மண்ணைத் தள்ளி மூடிவிட்டார். யாரிடமும் மூச்சு விடவில்லை. அன்று சாயங்காலமே கணக்கு சரியாகப் போய்ச் சேர்ந்தது. அந்தச் சந்தோஷத்தில் மிச்ச வயரைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

பங்குனியில் ஒரு நாள், நூற்று இருபது என்று போக வேண்டிய எண் வெறும் இருபது என்று போய்ச் சேர்ந்தது. நூற்று இருபது மில்லிமீட்டரில் நிற்க வேண்டிய வெட்டு டூல் நிற்காமல் ஓடி, சுழலும் இரும்பில் முட்டித் தெறித்தது. மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த மாயகிருஷ்ணனின் கன்னத்தை ஒரு சில்லு கிழித்தது. கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே. ஏழு தையல். போன ஆவணியில்தான் அவனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது.

பத்து நாள் கழித்து என்ஜினியர் வந்தார். பள்ளத்தை அளந்தார், எண்பது. ஸ்டோர் நோட்டைப் புரட்டினார், நூறு. முதலாளியை வைத்துக்கொண்டே கேட்டார்:

"மிச்சம் இருபது மீட்டர் எங்கே?"

எல்லாரும் சோலைச்சாமியைப் பார்த்தார்கள். வயருக்குள்ளே இருப்பது செம்பு. பஜாரில் பழைய சாமான் கடைக்கும் பஞ்சமில்லை.

"சொல்லும்யா," என்றார் பூவனநாதன். "நம்ம பட்டறையில இன்னைக்கு வரைக்கும் ஒரு ஸ்க்ரூ காணாமப் போனதில்ல."

வாயைத் திறக்காவிட்டால் திருடன். திறந்தால் மாயகிருஷ்ணனின் கன்னத்தைக் கிழித்தவன். நீளம் கூடினால் கணக்கு தப்பும் என்று என்ஜினியர் அன்றைக்கே சொன்னாரே! பத்து நாளாக அதை நினைத்துத்தான் சோலைச்சாமி வெந்துகொண்டிருந்தார். திருட்டுப் பழியே தேவலை என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றிவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கன்னத்துக் கட்டோடு மாயகிருஷ்ணன் வாசலில் வந்து நின்றான். வயரில் கோளாறு என்றால் நாளைக்கும் அந்த மெஷினுக்கு முன்னால் நிற்கப் போகிறவன் அவன்தான்.

"மண்ணுக்குள்ளதான் கிடக்கு, முதலாளி. நாந்தான் வளைச்சுப் போட்டேன். தோண்டிப் பாருங்க."

"பாத்தீங்களா சார், இதான் காரணம்," என்றார் என்ஜினியர்.

சோலைச்சாமியே மண்வெட்டியை எடுத்து ஆபீஸ் பக்கத்திலிருந்து தோண்டினார். இரண்டு இடத்தில் பூமி வாய் பிளந்திருந்தது. அங்கே வளைவு நிமிர்ந்து கொடுத்து, வயர் வெடிப்பின் குறுக்கே தொளதொளவென்று கிடந்தது. மேலுறையில் ஒரு கீறல் இல்லை. என்ஜினியர் வயர் சோதிக்கும் மீட்டரை வைத்து இரண்டு தடவை பார்த்தார். பழுது ஒன்றும் இல்லை. எழுபது மீட்டர் தாண்டியாயிற்று. கொட்டகைச் சுவருக்கு முன்னால் மூன்றாவது வெடிப்பு. அங்கே வயர் விறைத்து, மேலுறை பிய்ந்து, உள்ளே அறுந்த செம்பு தொட்டும் தொடாமலும் நின்றது. தொட்டபோதெல்லாம் கணக்கு போயிருக்கிறது. விட்டபோது ஒரு எண் உதிர்ந்து போயிருக்கிறது.

அது என்ஜினியர் பக்கத்திலேயே நின்று இழுக்க வைத்த பத்து மீட்டர். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"புது வயர் வாங்கித் தாரேன். ஒம்ம இஷ்டத்துக்குப் போடும்," என்றார் பூவனநாதன். சோலைச்சாமிக்குக் கண்ணில் நீர் முட்டியது. திருடன் இல்லை. வேலையும் போகவில்லை.

மாயகிருஷ்ணன் பள்ளத்துக்குள் இறங்கி அந்த விறைத்த வயரைத் தொட்டுப் பார்த்தான்.

"அண்ணாச்சி, இது அந்துரும்னு உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"மத்ததை எல்லாம் என்ஜினியர் இல்லாத நேரம் வளைச்சுப் போட்டீகளே. இதை மட்டும் ஏன் விட்டீக?"

"அவிய கண்ணால பாத்துட்டுப் போன இடம். மாத்துனா கண்டுபிடிச்சு வேலைய விட்டு அனுப்பிருவாகன்னு..." சோலைச்சாமி அவன் கன்னத்துக் கட்டைப் பார்த்தார். "பயந்துட்டேன்லே."

மாயகிருஷ்ணன் பள்ளத்திலிருந்து ஏறி, மெஷினைத் துடைக்கப் போனான்.