கிளி ஒட்டிய அடுப்படி

சிவகாசியில் என் பிரஷ் படாத இடம் கிடையாது. பட்டாசுக் கம்பெனி கேட்டில் ‘புகை பிடிக்காதே’ என்று எழுதியதும் நான்தான், பஸ் ஸ்டாண்டு மிட்டாய்க் கடைக்குப் பேர் எழுதியதும் நான்தான். அதை ஒருத்தனாவது பேசுகிறானா? கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால் எதிர் இலைக்காரன் கேட்பான்: “பலவேசம், நர்ஸம்மா வீட்டு அடுப்படியில கிளி ஒட்டுனது நீருதானவே?” பத்து வருஷமாக இதே கேள்வி. ஒட்டினது என் கைதான், ஒத்துக்கொள்கிறேன். ஒட்டச் சொன்னது யார் என்று யாரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்கிறேன்.

பாக்கியவதி நர்ஸம்மாவைத் தெரியாத வீடு அப்போது ஊரில் குறைவு. கம்பவுண்டராக இருந்த புருஷன் செத்தபோது மகள் ஞானஜோதிக்கு மூன்று வயசு. அன்றையிலிருந்து கருப்புக் குடையும் தோல்பையுமாக ஒற்றை ஆளாக நடந்தவர். எம். புதுப்பட்டியில் பிரசவம் என்று ஆள் வந்தால், பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டு மாட்டுவண்டியில் ஏறிவிடுவார். வெளியே புருஷன்காரன் அழுதுகொண்டு நின்றால் கையில் ஒரு வாளியைக் கொடுத்து, “கண்ணீரு பத்தாதுலே, கிணத்துத் தண்ணி கொண்டா” என்று விரட்டுவார். எதற்கும் பயப்படாத பொம்பளை. 1958 பங்குனியில்தான் அவர் பயந்து நான் பார்த்தேன்.

ஒரு புதன்கிழமை ஆள் விட்டுக் கூப்பிட்டார். போனேன். கையில் ஒரு கடுதாசி. பாளையங்கோட்டையிலிருந்து சனிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார், அவன் அம்மாவும் டீச்சர். சாத்தூர் சர்ச் கன்வென்ஷனில் பையன் பாட்டுக் கோஷ்டியோடு நின்றபோது ஞானஜோதி பார்த்திருக்கிறாள். பிடித்தும் போய்விட்டது. மாமியார்க்காரிதான் சிக்கல். பெண்ணின் முகத்தைப் பார்க்குமுன் நேராக அடுப்படிக்குப் போவாளாம். ஏற்கெனவே இரண்டு வீட்டில் சுவரைப் பார்த்துவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் வண்டியேறியவளாம்.

“இந்தச் சுவரப் பாருலே” என்றார் நர்ஸம்மா.

கொழும்பு வியாபாரி ஒருத்தர் கட்டிய வீடு அது. இவர் வாடகைக்கு இருந்தார். அடுப்புக்குப் பின்னால் வரிசையாக வெள்ளைப் பீங்கான் டைல் பதித்திருந்தது. வெள்ளை என்று நான் சொன்னால்தான் உண்டு. இருபது வருஷ விறகுப் புகை ஏறி டீ டிகாக்‌ஷன் மாதிரி கிடந்தது. நாலைந்து கல்லில் கீறல் வேறு.

“எனாமல் அடிச்சிருவோம்” என்றேன்.

“எப்பக் காயும்?”

“வழவழப்ப உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும். ரெண்டு கோட்டிங். ஒரு வாரம் ஆகும். நாத்தம் போக இன்னொரு வாரம்.”

“அப்ப மாப்பிள்ள வீட்டுக்காரகளை மூக்கைப் பொத்திக்கிட்டு இருக்கச் சொல்லவா? பேப்பர் ஒட்டுலே.”

பேப்பரையும் தயாராக வைத்திருந்தார். லித்தோ பிரஸ் போர்மேன் சவரியப்பன் வீட்டுப் பிரசவம் இவர் பார்த்தது. அவன் கழிவு ஷீட்டை ஒரு கட்டாகக் கொடுத்தனுப்பியிருந்தான். வெடிப்பெட்டி லேபிள். லேபிளுக்கு ஒரு பச்சைக்கிளி. கலர் விலகி அச்சானதால் கிளி ஒரு பக்கமும் அதன் சிவப்பு மூக்கு ஒரு பக்கமுமாக நின்றது. அளவு மட்டும் டைலுக்குச் சொல்லி வைத்த மாதிரி இருந்தது.

“நர்ஸம்மா, பீங்கான்ல பசை நிக்காது. ஆவி பட்டா உரிஞ்சு வந்துரும்.”

“ஒரு நாளு நின்னாப் போதும். கலியாணமா பண்ணப் போறாக அந்தச் சுவரோட?”

எண்ணெய்ப் பிசுக்கில் எதுவுமே ஒட்டாது. அதனால் முதலில் தேய்த்தேன். சலவைச் சோடா, கொதிக்கிற தண்ணீர், தேங்காய் நார். இரண்டு நாள். கல்லுக்குக் கல் நடுவே இருந்த அழுக்கை உடைந்த ரம்ப பிளேடால் சுரண்டினேன். தோள் கழன்று போனது. வெள்ளி சாயங்காலம் சுவர் பாலாட்டம் நின்றது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவரிடம், “இப்படியே விட்டுருவமா?” என்று கேட்டேன்.

“நாள் பூராவும் ஆஸ்பத்திரியில வெள்ளையப் பாத்துட்டு வாரேன், வீட்டுலயும் வெள்ளையா? அந்தக் கீறலப் பாரு. ஒட்டுலே.”

மைதாப் பசை காய்ச்சினேன். கம்பெனிப் பசையில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போடுவார்கள். போடப் போனேன். கையைத் தட்டிவிட்டார். “சோறு பொங்குற இடத்துல விஷமா!”

நாற்பத்தெட்டுக் கிளி. ஒட்டி முடித்துத் தள்ளி நின்று பார்த்தால் அடுப்படி தீபாவளிக் கடை மாதிரி இருந்தது. நர்ஸம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

சனிக்கிழமை, “எதுக்கும் கொல்லைப்பக்கம் இரு” என்று என்னை உட்கார வைத்துவிட்டார். வந்தவர்களுக்கு இடியாப்பம் அவிந்துகொண்டிருந்தது. டீச்சரம்மா கேள்விப்பட்டபடியே நேராக அடுப்படிக்கு வந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சுவரைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஞானஜோதி இடியாப்பக் கொப்பரை மூடியைத் திறந்தாள்.

குப்பென்று ஆவி. மேல் வரிசையில் ஒரு கிளி தலை சாய்ந்தது. மெல்ல மடங்கியது. இறங்கி வந்து டீச்சரம்மா தோளில் பசையோடு உட்கார்ந்தது. எங்கள் பக்கம் கிளி வைத்துக்கொள்ள ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளுக்குத்தான் உரிமை. இவருக்கும் கிடைத்துவிட்டது.

“என்னம்மா இது?”

“கிளி, அத்தை” என்று சொல்லி முடிப்பதற்குள் ஞானஜோதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்து இரண்டாவது, மூன்றாவது. ஒன்று தேங்காய்ப் பாலில் விழுந்தது. நர்ஸம்மா மகள் வாழ்க்கை கிளி கிளியாக உதிர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கொல்லையில் நின்று ஜன்னல் கம்பி வழியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டீச்சரம்மா தோள் கிளியைப் பிய்த்துப் போட்டார். அது இருந்த டைலை விரலால் தேய்த்தார். விரலைப் பார்த்தார். பக்கத்துக் கிளியை அவரே உரித்து அங்கேயும் தேய்த்தார். இடுக்கில் நகத்தை விட்டு நோண்டினார்.

“ஏன் நர்ஸம்மா, இம்புட்டுச் சுத்தமா வச்சிருக்க சுவர எதுக்கு மூடுனீக? மூடவேண்டிய சுவரு எங்க வீட்டுல இருக்கு. நானே மூடல.”

நர்ஸம்மா இமைக்கவில்லை. “நான் வேண்டாம்னுதான் சொன்னேன். அந்தா நிக்கான் பாருங்க பெயிண்டர், அவந்தான் கேக்கல. பேப்பர் ஒட்டுனா அழகுன்னான்.”

எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். ஞானஜோதியும் என்னைப் பார்த்தாள். மறுத்துவிடாதே என்கிற பார்வை.

“ஆமாங்க, என் புத்திதான்” என்றேன்.

“புத்தியா அது?” என்றார் டீச்சரம்மா. பிறகு கிளி விழுந்த பாலை ஓரம் தள்ளிவிட்டு, சீனியைத் தொட்டுக்கொண்டு ஆறு இடியாப்பம் சாப்பிட்டார். வைகாசியில் கல்யாணம். இந்தக் கதையை வந்தவர்களுக்கெல்லாம் சிரிக்கச் சிரிக்கச் சொன்னதும் நர்ஸம்மாதான். அவர் சொன்ன கதையில் முட்டாள் நான்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவர் மகள் வீட்டோடு பாளையங்கோட்டை போனார். போன வருஷம் தைப் பொங்கல் கழிந்து அவரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. அடுத்த கார்டு மருமகன் எழுதியது, நர்ஸம்மா அடக்கத்துக்கு. நர்ஸம்மா தன் கையால் எழுதிய கார்டு இன்னும் என் டப்பாவில் இருக்கிறது:

“பலவேசம், சம்பந்தியம்மா வீட்டு அடுப்படிச் சுவர் கன்னங்கரேல் என்று கிடக்கிறது. அவுகளுக்குக் கண் சரியில்லை, கேட்கவும் ரோஷம். நீ நாரும் சோடாவும் எடுத்துக்கொண்டு வந்து தேய்த்துக் கொடு. நான் எழுதினதாகச் சொல்லாதே. திருச்செந்தூர் போகிற வழியில் சும்மா எட்டிப் பார்த்தேன் என்று சொல்.”