டிரையருக்குள் இருந்த தட்டு

திருப்பதியில் வீடு இருந்தால் அது வீடில்லை, சொந்தக்காரர்களுக்கு இலவச லாட்ஜ். போன வாரம் வேலூரிலிருந்து என் நாத்தனார் குடும்பம் தரிசனத்துக்கு வந்தது. மலையில் மழையில் நனைந்த துணியை எல்லாம் கொண்டுவந்து என் வாஷிங் மெஷின் டிரையரில் திணித்தார்கள். அது சுற்ற ஆரம்பித்ததும் வீடே அதிர்ந்தது.

"மெஷின் பழசாயிடுச்சி, வேற வாங்கணும்" என்றார் என் வீட்டுக்காரர், செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுவிட்சை அணைத்து மூடியைத் திறந்தேன். துணி மேலே எழும்பாமல் அமுக்கி வைக்கிற வட்டத் தட்டைக் காணோம். அது இல்லாததால் ஒரு வேட்டி வெளியே பிதுங்கி, சிக்கிக்கொண்டு தடதடவென்று அடித்திருக்கிறது. வேட்டியை உருவி எறிந்துவிட்டு, "இதுல இருந்த தட்டை யார் எடுத்தது?" என்று கத்தினேன்.

நாத்தனார் சிரித்த முகமாக வந்தாள். கையில் அதே தட்டு, அதன்மேல் லட்டு.

"நல்லா கழுவிட்டுத்தான் வெச்சேன் அண்ணி. பிரசாதம், எடுத்துக்கோங்க. திட்டிக்கினே வாங்கக் கூடாது."

பிரசாதத்தை வேண்டாமென்று சொல்ல முடியுமா? வாயில் போட்டுக்கொண்டேன். மென்று விழுங்குகிறவரை யாருக்கும் திட்டு விழவில்லை.