இருநூற்றைம்பது வீட்டுக் களி

உத்தனப்பள்ளியில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், "லேப்ல இருக்கேன்" என்பாள் பூங்கொடி. சூளகிரிப் பக்கத்துத் தொழிற்பேட்டையில் இருக்கும் அந்த லேப்பில் அவளைக் கூப்பிட வேண்டுமென்றால், "களியம்மாவை வரச் சொல்லு" என்பார்கள். இரண்டும் உண்மைதான். வெள்ளைக் கோட்டு, தலைக்கு வலைத்தொப்பி, மூக்குக்கு மாஸ்க் எல்லாம் மாட்டிக்கொண்டு, தெர்மாமீட்டர் செருகிய பாத்திரத்தில் ராகி மாவு கிண்டுகிறவளை வேறு எப்படிச் சொல்வது?

வயது நாற்பத்து மூன்று. பிறந்தது சிங்காரப்பேட்டை. பத்தாவது முடித்ததும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் முனிவேலுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். கல்யாணமான புதிதில் பாலித்தீன் கொட்டகைக்குள் ரோஜா வெட்டினாள். காதலர் தினத்துக்கு முந்தின வாரம் மட்டும் அங்கே சாப்பாட்டு நேரம் கிடையாது. ஊர்ப்பட்ட காதல் எல்லாம் லாரியில் ஏறக் காத்திருக்கும். முதுகு போன பிறகு அதை விட்டுவிட்டு இந்த என்சைம் கம்பெனி கேன்டீனுக்கு வந்தாள்.

கேன்டீனிலிருந்து லேப்புக்குப் போனது கட்டி தட்டிய கதை. ராகி மாவில் ஒரு சோதனை நடந்தது. எம்.எஸ்சி. படித்த மூன்று பேர் மாறி மாறிக் கிண்டினார்கள். மூன்று பேருடைய பாத்திரத்திலும் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி. உடைத்தால் உள்ளே பச்சை மாவு. கருவியில் வந்த அளவுகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் ஓடின. எம்.டி. குருமூர்த்தி, "களி கிண்டத் தெரிஞ்ச யாராவது இந்த காம்பவுண்டுல இருக்காங்களா?" என்று கத்தினார். ஒரு நாளைக்கு இரவல் வாங்கப்பட்ட பூங்கொடியைக் கேன்டீன் திரும்பப் பார்க்கவே இல்லை. பதவி அப்ளிகேஷன் அசிஸ்டென்ட் ஆனது. சம்பளம் மட்டும் கேன்டீனிலேயே இருந்தது.

அவள் காண்ட்ராக்ட் ஆள். பதினோரு மாதத்துக்கு ஒரு தரம் ஒரு வாரம் வீட்டில் உட்காரச் சொல்லி, பிறகு புது நம்பர் கொடுத்துப் புது ஆளாக எடுத்துக்கொள்வார்கள். அப்படி ஒன்பது தரம் புதிதாகச் சேர்ந்துவிட்டாள். ஒவ்வொரு தரமும் பயிற்சி வகுப்பில் உட்கார வைத்து, கை எப்படிக் கழுவுவது என்று சொல்லித் தருவார்கள். நாற்பத்தைந்து தாண்டினவர்களைக் காண்ட்ராக்டர் எடுப்பதில்லை. அதனால் அவளுக்கு மிச்சமிருந்தது இரண்டே வருஷம். இந்த ஆண்டு மூன்று பேரைப் பர்மனென்ட் ஆக்கப் போகிறார்கள், அதில் அவள் பெயரும் உண்டு என்று ஆபீஸ் பக்கத்திலிருந்து பேச்சு வந்தபோது, ராத்திரி தூக்கம் பிடிக்காமல் புரண்டது அவள் இல்லை, முனிவேல்தான். "மஞ்சள் நாடா போயி நீல நாடா வந்துடுமா?" என்று நாலு தரம் கேட்டான். காண்ட்ராக்ட்காரர்களுக்கு அடையாள அட்டை மஞ்சள் நாடாவில் தொங்கும், பர்மனென்ட்காரர்களுக்கு நீலம்.

கம்பெனி அப்போது ஒரே ஒரு சாமானை நம்பித்தான் இருந்தது. மாவுச்சத்து நீளச் சங்கிலி என்றால், அதைத் துண்டு துண்டாகக் கத்தரிப்பதுதான் இந்த என்சைமின் வேலை. கத்தரித்தால் கெட்டிக் கஞ்சி தண்ணீராக இளகிவிடும்; மாவு நிறைய இருந்தும் மடக் மடக்கென்று குடிக்கலாம். சாதாரண என்சைம் சூடு பட்டால் முட்டை வெந்த மாதிரி கெட்டுப்போய் அடங்கிவிடும். டாக்டர் ஹரீஷ்குமார் நாலு வருஷம் கம்ப்யூட்டரில் அதன் உருவத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, இங்கே ஒரு முடிச்சு அங்கே ஒரு முடிச்சு என்று மாற்றி, கொதிக்கிற தண்ணீரிலும் கெடாத ஒன்றை உண்டாக்கிவிட்டார். 'அக்னிஜித்' என்று பெயர் வைத்து, நெருப்புக்குள் சிங்கம் நிற்கிற மாதிரி ஒரு போஸ்டரும் வாசலில் ஒட்டினார்கள். பெங்களூரில் ஒரு பெரிய பான கம்பெனி, குழந்தைகளுக்கான ராகிப் பாலைப் பாட்டிலில் அடைக்க அதை வாங்குவதாக இருந்தது.

பூங்கொடிக்கு அதில் ஒரு சந்தேகம் இருந்தது. காலையில் காய்ச்சி மேடையில் வைத்த கஞ்சி, பதினொரு மணிக்கு மோராக இருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் கழுநீர்.

"சார், இது இளக்குறது சரி. எப்ப நிறுத்தும்?" என்று ஹரீஷ்குமாரிடம் கேட்டாள்.

"நிறுத்தவா?" அவருக்கு முப்பத்தொரு வயது, காரியம் ஆக வேண்டுமென்றால் அக்கா என்பார், மற்ற நேரத்தில் பெயர்தான். "பூங்கொடி, அது நிக்கக்கூடாதுன்னுதானே நாலு வருஷம் உழைச்சோம்."

"இல்ல சார், அடுப்பை அணைச்சாலும் அது அணைய மாட்டேங்குது."

"அதான் ஸ்டெபிலிட்டி" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். சோதனைப் படிவத்தில் 'நிறுத்தும் முறை' என்றிருந்த கட்டத்தில் ஒரு கோடு போட்டு வைத்தார்கள்.

ஆயுத பூஜை வந்தது. கம்ப்யூட்டருக்குச் சந்தனம், நொதிக்க வைக்கும் பெரிய தொட்டிகளுக்கு விபூதிப் பட்டை, வாசலில் பூசணிக்காய். வருஷா வருஷம் ஸ்வீட் பாக்ஸ் கொடுப்பது வழக்கம். இந்தத் தரம் எம்.டி.க்கு யோசனை பிறந்துவிட்டது: நம் சரக்கை நம் ஆட்களே ருசிக்க வேண்டாமா? அக்னிஜித் கலந்த ராகி மாவு, இருநூற்றைம்பது பேருக்கும் ஆளுக்கு மூன்று கிலோ பை. பையின் மேல் இங்கிலீஷில், பானத்துக்கான மாவு என்று அச்சடித்திருந்தது. சூளகிரியிலிருந்து ராயக்கோட்டை வரைக்கும் ராகி மாவுப் பையை இங்கிலீஷில் படித்துப் பார்த்து அடுப்பில் வைக்கிறவர்கள் யார்?

வரிசையில் நின்றவர்களிடம் பூங்கொடி சொல்லிப் பார்த்தாள். "இதுல களி கிண்டாதீங்க. கஞ்சிதான் காய்ச்சணும்."

"ராகியில களி கிண்டாம கேக்கா சுடுவாங்க?" என்றான் செக்யூரிட்டி மணிவேல். அவனுக்குக் கல்யாணமாகி இருபது நாள்தான் ஆகியிருந்தது. "புதுப் பொண்ணு கையால களி சாப்பிடணும்னு எங்கம்மா உயிரை விட்டுக்கினு கெடக்குது. நீ வேற."

அவள் ஹரீஷ்குமாரிடம் ஓடி, ஒரு நோட்டீஸ் ஒட்டச் சொன்னாள். சர்க்குலர் விட எம்.டி. ஒப்புதல் வேண்டும் என்றார் அவர். ஒப்புதல் நாலாம் நாள் வந்தது. களி மறுநாளே அடுப்பேறிவிட்டது.

விஜயதசமிக்கு லீவு, கோழி அடித்த வீடுகளில் எல்லாம் களி. தமிழ் வீட்டில் களி, கன்னட வீட்டில் முத்தே, தெலுங்கு வீட்டில் சங்கடி. அன்று மூன்று பாஷையிலும் அது ரசமாகத்தான் இருந்தது. மாவைக் கொட்டிக் கிண்டக் கிண்ட இளகியது. இன்னும் மாவு போட்டார்கள். அதுவும் இளகியது. மாவு தப்பு என்று ஒரு வீட்டிலும் ஒருவரும் சொல்லவில்லை. கிண்டினவள் தப்பு என்பதில் ஊர் முழுக்க ஒரே கருத்து. "உங்கம்மா வூட்ல துடுப்பு பிடிக்கக்கூடச் சொல்லித் தரலியா?" என்ற கேள்வி அன்று எத்தனை அடுப்பங்கரையில் எழுந்தது என்பதற்குக் கணக்கு கிடையாது. செக்யூரிட்டி மணிவேலின் புதுப் பெண்ணைப் பானையோடு அவளுடைய அப்பா வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். திரும்பக் கூட்டி வர இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. பானையும் சாட்சியாக நடுவில் உட்கார்ந்திருந்தது.

பூங்கொடி தன் வீட்டுப் பையைப் பரண்மேல், பழைய ஃபேன் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். மகள் காவியாவைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து பார்த்தால், மாமியார் மாரம்மா பானைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று கிலோ பை காலி. பானை நிறைய பழுப்புத் தண்ணீர். நாற்பது வருஷமாகக் கிண்டுகிற கை அது. கல்யாண வீட்டு அண்டாவில் இரண்டு ஆள் சேர்ந்து பிடிக்கிற துடுப்பை ஒற்றை ஆளாகச் சுழற்றினவள்.

"எனுக்குக் கை போயிடுச்சுடி" என்றாள் மாரம்மா. "டாக்டராண்ட கூட்டினு போ."

"கை இல்ல அத்தை, மாவு. எங்க கம்பெனி மருந்து கலந்தது. கிண்ட கிண்ட தண்ணியாத்தான் ஆவும்."

மாரம்மா துடுப்பைக் கீழே வைத்தாள். "தெரிஞ்சுதான் ஒளிச்சு வெச்சியா?"

"ஆமா."

"வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னாடி? காலைல இருந்து சாமியக் கேட்டுக்கினு உக்காந்துங்கீறேன்." பானையை எடுத்துப் போய் மாட்டுத் தொட்டியில் ஊற்றினாள். மாடு குடித்தது. அன்று அந்தக் களியைக் குறை சொல்லாத ஒரே ஜீவன் அதுதான்.

லீவு முடிந்து கம்பெனி திறந்ததும் கேட்டருகே கூட்டம். எம்.டி. வெளியே வந்து எல்லாவற்றையும் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் மலர்ந்தது. "ஹரீஷ், கவனிச்சியா? இருநூத்தம்பது வீடு. விறகு அடுப்பு, கேஸ் அடுப்பு, எல்லா அடுப்பும். ஒரு இடத்துல கூட அது கெடல! இதைவிடப் பெரிய டிரையல் எவன் பண்ணுவான்?"

அந்த வாரமே பூங்கொடியை வீடு வீடாக விசாரித்து வர அனுப்பினார்கள். அவள் முடிப்பதற்குள், 'இருநூற்றைம்பது குடும்பங்களில் கள சோதனை' என்று அறிக்கை தயாரானது. பெங்களூர்க்காரர்களின் விதிப்படி, பயனாளர் கருத்து என்ற கட்டத்தை மட்டும் சோதனை செய்தவர் தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பூங்கொடியை எம்.டி. அறைக்குக் கூப்பிட்டார்கள். மேசையில் இரண்டு காகிதம். ஒன்று அறிக்கை. இன்னொன்று அவளுடைய பர்மனென்ட் உத்தரவு, கையெழுத்துக்கு இடம் விட்டு.

"அக்கா, ரெண்டே வரிதான்" என்றார் ஹரீஷ்குமார். "'கஞ்சி நன்றாக இளகியது, பயனாளர்கள் மகிழ்ச்சி.' அவ்வளவுதான்."

பூங்கொடி இரண்டு காகிதத்தையும் பார்த்தாள். "சார், மொதல்ல நீங்க அதுல போட்டுடுங்க. ரெண்டு காயிதம் முன்னால கெடந்தா எனுக்குக் கை ஓடாது."

எம்.டி. சிரித்தார். ஏழை ஜனங்களின் பயத்தைக் கண்டால் அவருக்கு எப்போதுமே ஒரு கனிவு வரும். உத்தரவில் கையெழுத்துப் போட்டு, சீலும் குத்தி நீட்டினார். ஒன்பது தரம் புதிதாகச் சேர்ந்தவளுக்குக் காகிதங்களின் வரிசை தெரியும். அவள் அதை நாலாக மடித்துப் பர்ஸில் வைத்தாள்.

"தமிழ்ல எழுதலாமா சார்?"

"எழுதும்மா. ஹரீஷ் இங்கிலீஷ்ல போட்டுப்பார்."

ஹரீஷ்குமார் தமிழ் பேசுவார். படித்தது பெங்களூரில், கன்னடமும் இங்கிலீஷும்தான் வாசிக்க வரும். எம்.டி.யோ சம்பளப் பட்டியலைத் தவிர எதையும் வாசிப்பவரில்லை. பூங்கொடி இரண்டு வரி கேட்ட இடத்தில் ஆறு வரி எழுதினாள். ஹரீஷ்குமார் தான் சொன்ன இரண்டு வரியை இங்கிலீஷில் தட்டி, அவளுடைய தாளையும் பின்னால் சேர்த்துவிட்டார்.

பெங்களூர்க் கம்பெனியிலிருந்து வந்த அருணா மேடம் சேலத்தில் பள்ளிக்கூடம் படித்தவர். மீட்டிங்கில் கடைசித் தாளைப் புரட்டியவர், கண்ணாடியைச் சரி செய்துகொண்டு சத்தமாகவே வாசித்தார்.

"'நான் போய் விசாரிச்சது முப்பத்தொரு வீடு, இருநூத்தம்பது இல்ல. முப்பத்தொரு வீட்லயும் களி தண்ணியாப் போச்சு. யாருக்கும் சந்தோஷம் இல்ல. பொம்பளைங்க திட்டு வாங்கினாங்க. ஒரு பொண்ணை அம்மா வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. இதை நிறுத்த வழி கம்பெனிக்கும் தெரியாது.'"

ஓரமாகப் பாட்டில் எடுத்துக் கொடுக்க நின்றிருந்த பூங்கொடி, மாஸ்க்கை இன்னும் மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ஆறு மாசம் பாட்டில்ல இருக்கப் போற சாமான் இது" என்றார் அருணா மேடம். "எப்படி நிறுத்துவீங்க?"

"மேடம், நிக்காம இருக்கறதுதான் எங்க டெக்னாலஜியே" என்றார் எம்.டி.

"அப்ப நிறுத்தற டெக்னாலஜி வந்ததும் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் காபியைக் குடித்து முடித்தார். காபியில் குறை ஒன்றும் இல்லை.

உத்தரவைத் திரும்ப வாங்கப் பார்த்தார்கள். கையெழுத்தும் சீலும் எம்.டி.யுடையவை, எழுதினது ஒரு வரிகூடப் பொய்யில்லை. வேறு வழி தெரியாமல் நீல நாடாவைக் கொடுத்து, கூடவே ஒரு மாற்றலையும் கொடுத்தார்கள்: கண்ணாடிக் குடுவை கழுவும் பிரிவு.

"உனக்குத் தேவையா இது?" என்றான் புருஷன் முனிவேல்.

"ஐம்பத்தெட்டு வயசு வரைக்கும் கழுவலாம்" என்றாள் பூங்கொடி. "யாரும் புதுசா வந்து கை கழுவச் சொல்லித் தர மாட்டாங்க."

மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம் ஹரீஷ்குமார் கழுவும் அறைக்குக் கிண்ணத்தோடு வந்தார். என்சைமை அடக்குவதுதான் இப்போது அவருடைய முழு நேர ஆராய்ச்சி. கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"அக்கா, ஒரே நிமிஷம். புளிப்பு சேர்த்துக் கொதிக்க வெச்சோம். நின்னுடுச்சான்னு பாருங்க."

அவள் ரப்பர் உறையைக் கழற்றினாள். கரண்டியில் மொண்டு, உயரத் தூக்கி ஊற்றிப் பார்த்தாள். "எப்ப எறக்கினீங்க?"

"ஒன்பது மணிக்கு."

"நிக்கல சார். மெதுவா ஓடுது, ஆனா ஓடுது."

"மெஷின்ல நின்னுடுச்சுன்னு காட்டுதே!"

"அப்ப மெஷினுக்குக் குடுங்க."

ஹரீஷ்குமார் கிண்ணத்தை எடுத்து ஒரு தரம் ஆட்டிப் பார்த்தார். பூங்கொடி உறையைத் திரும்ப மாட்டிக்கொண்டு குழாயைத் திறந்தாள்.

"கிண்ணத்தை வெச்சுட்டுப் போங்க சார்" என்றாள். "கழுவணும்."