முதல் ஜாய்ஸ்டிக்

பெட்டியின் அடியில் இருந்த காற்றுத் துளைகளில் மூக்கை அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு ஆழமாக மூச்சை இழுத்தார் என் எதிர் வீட்டுக்காரர். பழைய சாமான் கடைக்காரர் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். எனக்கு மானம் போயிற்று. புத்தக அலமாரி ஒன்று மலிவாகக் கிடைக்குமா என்று பார்க்கப் போனவள் நான். கூட வந்த பாவத்துக்கு நானும் அல்லவா அங்கே நிற்க வேண்டியிருந்தது.

“சிகரெட் புடிக்கிற வீட்டுல இருந்திருக்கு டீச்சர்,” என்றார் நிமிர்ந்து. “கரப்பான் குடும்பம் நடத்தியிருக்கு. ஆனா கருகின வாசம் இல்ல. உசுரு இருக்கு.”

அது ஒரு பழைய வீடியோ கேம் பெட்டி. டிவியில் செருகி, கேசட் போட்டு, ஒரு தலைமுறையே தரையில் உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொண்டதே, அந்த வகை. உயிர் இருந்தால் என்ன, போனால் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டால் வீடு போய்ச் சேரும்வரை விளக்கம் வரும்.

எங்கள் குடியிருப்பில் இவருக்குக் கண்ணாடிக்காரர் என்று பெயர். மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்அறையில் லென்ஸ் தேய்க்கிறார். முன்பக்கம் ஏசி, விளக்கு, சிரித்த முகத்தோடு பெண்கள். பின்னால் இவர், தண்ணீர் சொட்டும் சாணைக்கு முன்னால், முழங்கைவரை வெள்ளைச் சேற்றோடு. நாற்பத்தைந்து வயது இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அண்ணன், அண்ணியோடு எனக்கு எதிர் வீட்டில் இருக்கிறார். என் மூக்கில் இருப்பதும் அவர் தேய்த்துக் கொடுத்ததுதான். மாட்டிவிட்டு, “இப்ப நான் தெளிவாத் தெரியறேனா?” என்று கேட்டார். நன்றாகவே தெரிந்தார். இரண்டு நாள் தாடி, பொத்தான் மாற்றிப் போட்ட சட்டை, பையில் கண்ணாடித் திருகு முடுக்கும் சின்னத் திருப்புளி. அந்தத் திருப்புளியால்தான் கேம் பெட்டிகளையும் பிரிப்பார்.

அவர் அறையில் கட்டில் போட இடம் கிடையாது. தரையிலிருந்து கூரைவரை அடுக்கில் பெட்டிகள். நடுவில் முதுகு பெருத்த பழைய டிவி ஒன்று. “புது டிவியில இதெல்லாம் நடந்தா நொண்டும் டீச்சர்,” என்பார். அவர் படுப்பது அடுக்குக்கும் டிவிக்கும் நடுவில் இருக்கும் சந்தில். புரண்டு படுத்தால் ஏதாவது ஒன்று தலையில் விழும். ஒருமுறை விழுந்து நெற்றியில் தையல் போட்டுக்கொண்டு வந்தார். பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எங்களுக்கெல்லாம் ஆறுதல் சொன்னார்.

அந்த அறைக்கென்று சட்டங்கள் உண்டு. கேசட்டை எடுத்தால் யாராக இருந்தாலும் கை தானாக அதை வாய்க்குக் கொண்டுபோகும். உஃப் என்று ஊதினால் வேலை செய்யும் என்பது நாம் எல்லாரும் படித்த படிப்பு. இவர் பாய்ந்து பிடுங்கிக்கொள்வார். “ஊதறதுல பாதி எச்சில். உள்ள பித்தளை பச்சை பூத்துடும்.” அட்டையில் பத்தாயிரம் ஆட்டம் என்று போட்டிருக்கும் கேசட்டுகளைத் தனியாக வைத்திருப்பார். உள்ளே போனால் ஏழே ஆட்டம், திரும்பத் திரும்பப் பெயர் மாறி வரும். “இவ்வளவு சந்தோஷமா நம்மளை எவனும் ஏமாத்தினதில்ல,” என்று தடவிக் கொடுப்பார்.

வாங்கி வந்த எதையும் வந்த கோலத்தில் வைக்க மாட்டார். வயதான பிளாஸ்டிக் மஞ்சளாகிவிடும். அழகு நிலையத்தில் தலைமுடி வெளுக்க வைத்திருக்கும் களிம்பை வாங்கி வந்து, மூடியின் மேல் பூசி, கண்ணாடித் தாள் சுற்றி, மொட்டை மாடியில் வெயிலில் வைப்பார். வாட்ச்மேன் மேலே வந்து பார்த்துவிட்டு, “யாருக்கு சார் இந்த வயசுல சாயம்?” என்று கேட்டுவிட்டுப் போவார். அப்புறம் பல்துலக்கும் பிரஷ், பஞ்சு, புது ரப்பர், புதுப் பொத்தான். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மாதிரி சீவிச் சிங்காரித்துத்தான் டிவி முன்னால் உட்காரவைப்பார். “அழுக்கோட ஒரு மிஷினை இன்னொருத்தர் கையில குடுக்கக் கூடாது டீச்சர். அது மரியாதை இல்ல.”

கிறுக்குதான். ஆனால் யாருக்கும் கெடுதல் இல்லாத கிறுக்கு என்று நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், அண்ணன் விழும்வரை.

அண்ணன் பஸ் டிரைவர். இவரைவிட நாலைந்து வயது பெரியவர். படிக்கட்டில் ஏறும்போதே அவர் குரல் மூன்றாவது மாடிக்கு வந்து சேரும். ஒருநாள் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபடியே சரிந்தார். மூளையில் ரத்தம் கட்டிவிட்டது. பிழைத்தார், ஆனால் வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. கண் திறந்திருக்கும், எதிரில் நிற்பவரைத் தெரிகிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. அண்ணி சலவைக் கடை வேலையை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

“பழகின சாமான் எதையாவது கையில குடுத்துப் பாருங்க, சில பேருக்கு அது தட்டி எழுப்பும்,” என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். போகிறபோக்கில் சொன்னார். அதைக் கண்ணாடிக்காரர் பிடித்துக்கொண்டார். பஸ் சாவி, சவர பிரஷ், சீட்டுக்கட்டு, கல்யாண போட்டோ எல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். இடது கை வாங்கிக்கொள்ளும். அப்புறம் மறந்து நழுவவிடும்.

“எங்ககிட்ட ஒரு டிவி கேம் இருந்தது டீச்சர்,” என்றார் இவர் என்னிடம், மாடிப்படியில் வைத்து. “அப்பா அம்மா ரெண்டு பேரும் வேலைக்குப் போறப்ப வெளியே பூட்டிட்டுப் போயிடுவாங்க. உள்ள நானு, அண்ணன், அது. அவ்வளவுதான் உலகம். அதைக் குடுத்தா அவனுக்குத் தெரியும்.”

அது பெயரில்லாத பெட்டி. ஏதோ ஒரு பட்டறையில் எவனோ பெரிய கம்பெனிக்காரனைப் பார்த்து அடித்தது. சாம்பல் நிறம், சிவப்புச் சுவிட்சு, இவ்வளவுதான் அடையாளம். அண்ணனுக்கு டிரைவர் வேலை கிடைத்ததும் அப்பா அதை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டார்; யாருக்கென்று சொல்ல இப்போது அப்பா இல்லை. டாக்டர் சொன்ன நாளிலிருந்து கண்ணாடிக்காரர் வாங்கியதெல்லாம் சாம்பல் பெட்டிகள். ஒவ்வொன்றையும் துடைத்து, மெருகேற்றி, அண்ணன் கட்டிலுக்கு எதிரில் டிவியில் மாட்டி, கூட வரும் இரண்டு ஜாய்ஸ்டிக்கில் முதலாவதை அவர் இடது கையில் வைப்பார். அந்தக் கையின் கட்டைவிரல்தான் நாலு அம்புப் பொத்தானுக்கு. அந்த விரல் நல்ல விரல். அது சும்மா கிடக்கும். “இது இல்ல,” என்று கொண்டுபோய் அடுக்கில் வைப்பார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. படுத்துக்கிடக்கிற மனிதரை வைத்துப் பரீட்சை நடத்துகிறாரே என்று. நேராகவே சொன்னேன். அண்ணியும் சொல்லிப் பார்த்தார். “தம்பி, விட்டுடுங்க. இருக்கிற மாதிரியே இருக்கட்டும். என்னால ஒவ்வொரு தடவையும் எதிர்பார்த்துட்டு எழுந்து போக முடியல.”

“ஒரே ஒரு தடவை அண்ணி. நான் யாருன்னு அவனுக்கு ஒரு தடவை தெரிஞ்சாப் போதும். அப்புறம் நான் கேக்க மாட்டேன்.”

கடைசியில் அந்தப் பெட்டியே கிடைத்துவிட்டது. கிடைத்த இடத்தைக் கேட்டால் வயிறு எரியும். அத்தை வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆட்கள் வந்திருக்கிறார்கள். அத்தை போன் செய்து, “உங்க அப்பா என் பையனுக்குக் குடுத்த டிவி கேம் பெட்டி ஒண்ணு பரண்ல கிடக்குடா, தூக்கிப் போட்டுடவா?” என்று கேட்டிருக்கிறார். அந்தப் பரணுக்கு நேர் கீழே உட்கார்ந்து எத்தனையோ தடவை டீ குடித்தவர் இவர்.

கொண்டுவந்த அன்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நன்றாக மஞ்சளித்துப் போயிருந்தது. அடியில் மெழுகுவத்தி சுட்ட தழும்பு. கரண்ட் போன ஒருநாள் இவரே சுட்டது. அந்தத் தழும்பில் விரலை வைத்துக்கொண்டு அழுதார். அண்ணியும் வாசலில் வந்து நின்றார். இப்போதே கொடுங்கள் என்றேன் நான்.

“இப்படியேவா? பாருங்க எப்படி இருக்குன்னு. ரெண்டு நாள் பொறுங்க டீச்சர். அண்ணன் கையில குடுக்கறது.”

கடைக்கு லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தார். களிம்பு, வெயில், பிரஷ், பஞ்சு. நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது முதல் ஜாய்ஸ்டிக் பிரிந்து கிடந்தது. அதில் வலது அம்பு பாதி உடைந்திருந்தது. உடைந்த இடத்தில் யாரோ சைக்கிள் டியூப் ரப்பரை வெட்டி ஒட்டியிருந்தார்கள். ஓரமெல்லாம் எழும்பி, பிசுபிசுவென்று, தொடவே அருவருப்பாக இருந்தது. “அத்தை பையன் கைவரிசை,” என்றார். இடுக்கியால் உரித்து, உடைந்த பொத்தானோடு சேர்த்துச் சமையலறைக் குப்பையில் போட்டார். வேறொரு பெட்டியிலிருந்து புத்தம்புதுப் பொத்தான் எடுத்து மாட்டினார். அச்சு எடுத்த மாதிரி பொருந்தியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணனைத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைத்தார்கள். பெட்டி பழைய சாம்பல் நிறம் திரும்பிப் பளபளத்தது. சுவிட்சைப் போட்டதும் ஒரு கிணுகிணு பாட்டு வந்தது. முதல் ஜாய்ஸ்டிக்கை இடது கையில் வைத்தார்.

கட்டைவிரல் அசைந்தது. நான் பொய் சொல்லவில்லை, பக்கத்தில் நின்று பார்த்தேன். அது நேராக வலது அம்புக்குப் போயிற்று. அமுக்கவில்லை. அம்பின் ஓரத்தை நகத்தால் சுற்றி வந்தது. பிரிந்து எழும்பும் எதையோ ஒட்டவைப்பதுபோல அழுத்தித் தடவியது. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். “பாத்தீங்களா டீச்சர், பாத்தீங்களா,” என்று இவர் சிரித்தார். விரல் மறுபடி ஓரத்துக்குப் போயிற்று. புதுப் பிளாஸ்டிக்கில் நகம் வழுக்கியது. திரும்ப வந்து தேடியது. இன்னொரு முறை வழுக்கியது. அப்புறம் நின்றுவிட்டது. ஜாய்ஸ்டிக் போர்வையில் சரிந்தது. அண்ணன் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

கண்ணாடிக்காரர் முகத்தில் சிரிப்பு வற்றியதை நான் பார்த்தேன்.

“எனக்கு எப்பவும் ரெண்டாவது ஜாய்ஸ்டிக்தான்,” என்றார் மெதுவாக. “முதலாவதை அவன் தொட விட மாட்டான். ஆட்டத்துக்கு ஆட்டம் நடுவுல கட்டைவிரலை நக்கி நக்கி அதுல வச்சுத் தேய்ப்பான். அம்மா திட்டுவாங்க. ஏதோ பழக்கம்னு நினைச்சேன். ஒட்டினது அத்தை பையன் இல்ல அண்ணி. இவன்தான்.”

எழுந்து கீழே ஓடினார். குப்பைத் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். வண்டி முந்தைய நாளே வந்து போயிருந்தது. ஊருக்கு வெளியே குப்பை கொட்டுகிற இடத்துக்குப் போய் இருட்டும்வரை கிளறியிருக்கிறார். மறுநாளும் போனார். துணியெல்லாம் நாற்றத்தோடு படியேறி வந்தவருக்கு வாட்ச்மேன் ஒதுங்கி வழிவிட்டார்.

பிறகு சைக்கிள் கடை கடையாக ஏறி இறங்கினார். பழைய டியூபுகளை வாங்கி வந்து வெட்டினார், ஒட்டினார், ஓரத்தை எழுப்பிவிட்டார், வெயிலில் காயப்போட்டுப் பிசுபிசுப்பு ஏற்றினார். வேறொரு பொத்தானைப் பாதியாக உடைத்தும் பார்த்தார். கண்ணாடியை மயிரிழை பிசகாமல் தேய்க்கிற கை அது. இதில் ஒன்றும் எடுபடவில்லை. எதைக் கொடுத்தாலும் அந்த விரல் கிடக்கிறது. அண்ணி இப்போது அந்த நேரத்தில் சமையலறைக்குப் போய்விடுகிறார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. “அன்னிக்கு அது நினைவா இருக்காது, வெறும் நரம்புத் துடிப்பா இருக்கும்,” என்றேன் ஒருநாள். நான் நம்பாததைத்தான் சொன்னேன்.

“அப்படின்னா அவன் உள்ள இல்ல,” என்றார். “நினைவுன்னா, உள்ள இருந்தவனை நான் பூட்டிட்டேன். இதுல எதை டீச்சர் நான் நம்பிக்கிட்டு இருக்கறது?”

 

அவர் வேலைக்குப் போகிறார், வருகிறார். பெட்டி வாங்குவதை விட்டுவிட்டார். நேற்றுச் சாயங்காலம் அண்ணியிடம் மருந்துச் சீட்டைக் கொடுக்கப் போனேன். அண்ணன் தலையணையில் சாய்ந்திருந்தார். இவர் கட்டிலோரம் தரையில், இரண்டாவது ஜாய்ஸ்டிக்கோடு. இரண்டு பேர் சேர்ந்து ஆடும் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. துப்பாக்கியோடு இரண்டு ஆட்கள். பச்சைக் கால்சட்டைக்காரன் அண்ணன், மஞ்சள் கால்சட்டைக்காரன் இவர். எதிரிகள் வந்துகொண்டே இருப்பார்கள். இரண்டு பேரும் சுட்டுக்கொண்டே முன்னேற வேண்டும். ஒருவன் நின்றுவிட்டால் மற்றவனும் போக முடியாது, திரை நகராது.

“தனியா ஆடற ஆட்டமே போட்டுக்கலாமே தம்பி,” என்றார் அண்ணி. 

மஞ்சள்காரன் முன்னால் போகவில்லை. அசையாமல் நிற்கும் பச்சைக்காரனுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டான். வருகிறவர்களைச் சுட்டான். தடுக்க முடியாத குண்டுகளைத் தன்மேல் வாங்கிக்கொண்டு விழுந்தான். அடுத்த உயிரில் எழுந்து அதே இடத்துக்கு வந்தான். இருந்த உயிரெல்லாம் தீர்ந்து மஞ்சள்காரன் மறைந்ததும், பச்சைக்காரன் மட்டும் தனியாக நின்றான். திரையின் ஓரத்திலிருந்து ஒரு குண்டு கிளம்பியது. அது அவனிடம் வந்து சேர்வதற்குள் கண்ணாடிக்காரர் எட்டிச் சுவிட்சை அணைத்தார். போர்வையில் நழுவிக் கிடந்த ஜாய்ஸ்டிக்கை எடுத்து அண்ணன் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டு, மறுபடி சுவிட்சைப் போட்டார்.