அத்தை இறங்கிய குழி

தொழிலாளர்கள் குடியிருந்த எங்கள் தோட்டத்து லயத்துக்கு மின்விளக்கு எப்படி வந்தது என்று கேட்டால் ஆண்கள் வெள்ளைக்காரத் துரையின் பெயரைச் சொல்வார்கள். பெண்கள் என் அத்தையைச் சொல்வார்கள். நானோ அப்போது அத்தையோடு பேசுவதையே நிறுத்தியிருந்தேன்.

மலாயாவில், குளுவாங்கிலிருந்து மாட்டுவண்டியில் போய்ச் சேர வேண்டிய ரப்பர் தோட்டம் அது. ரப்பர் பாலை உறையவைக்கும் ஸ்டோரில் புதிதாக ஓர் எஞ்சின் வைத்து, அங்கிருந்து மேட்டிலிருந்த துரையின் பங்களாவுக்குக் கம்பி இழுத்தார்கள். துரையின் மனைவி துரைசாணி சீமையிலிருந்து கப்பலேறிவிட்டார். அவர் வந்து இறங்குவதற்குள் பங்களாவில் விளக்கு எரிந்தாக வேண்டும். கம்பி எங்கள் லயத்தைத் தாண்டித்தான் போகும். எங்களுக்கு மட்டும் பழைய மண்ணெண்ணெய் விளக்குதான்.

ஆண்கள் கங்காணியைப் பிடித்து, மாரியம்மன் கோயிலுக்காவது ஒரு விளக்கு வேண்டும் என்று கேட்டார்கள். துரையும் ஒன்று தர ஒப்புக்கொண்டார். திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் நாங்கள் தரையில் கால் பாவாமல் திரிந்தோம்.

அப்பாவின் அக்காவான அத்தை, கணவன் போன பிறகு எங்களோடு இருந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் மட்டும் கங்காணியிடம் நேராகப் போனாள்.

"அந்த ஒரு வெளக்கு புள்ள பெக்குற ரூமுக்கு வரணும்."

"ஆத்தாவுக்கு இல்லாத வெளிச்சம் உங்களுக்கு எதுக்கு?"

"ஆத்தாவுக்கு இருட்டுலயும் கண்ணு தெரியும். மருத்துவச்சிக்குத் தெரியலையே!"

கங்காணி சிரித்துவிட்டுப் போய்விட்டார். அப்பாகூட, "சாமி விசயத்துல வாய விடாதக்கா" என்றார்.

லயத்துக்குப் பின்னால் அத்தை வெண்டையும் கீரையும் போட்டிருந்தாள். கம்பம் நடுவதற்கு அந்தப் பாத்தியின் நடுவிலேயே குழி தோண்டினார்கள். வேலை முடிந்து வந்த அத்தை, குழியைப் பார்த்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கி நின்றுவிட்டாள். மார்பு வரை மறைந்தது. கம்பத்தைச் சுமந்து வந்த மலாய்க்காரர் ஒருவர், "அலமாக்!" என்று மலைத்துப்போய்த் தோளிலிருந்ததை இறக்கிவைத்தார்.

கங்காணி வந்து கத்தினார். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியார் வந்து மிரட்டினார். அதற்குள் பால்வாளிகளோடு திரும்பிய பெண்கள் குழியைச் சுற்றி நெருக்கி நின்றுவிட்டார்கள். கையைப் பிடித்து இழுக்கவும் யாருக்கும் வழியில்லை. நிறைமாதமாக இருந்த அம்மாவும் அவர்களோடு நின்றாள். எனக்கோ மானம் போயிற்று.

"ஏறி வாங்கத்தே, எல்லாரும் சிரிக்கிறாங்க."

"சிரிக்கட்டும். நீ போயிக் கொஞ்சம் தண்ணி கொண்டா."

பிற்பகல் மழை கொட்டியது. குழியில் முழங்கால் வரை சேறு நிறைந்தது. அத்தை அசையவில்லை. கடைசியில் குடையோடு துரையே வந்தார். "என்னா வேணும் உனக்கு?" என்று தோட்டத்துத் தமிழிலேயே கேட்டார்.

"ஒங்க கம்பி எம் பாத்தி வழியாப் போகட்டும், தொரை. போற வழியில புள்ள பெக்குற ரூமுக்கு ஒரு வெளக்கு விட்டுட்டுப் போகட்டும்."

துரை வானத்தைப் பார்த்தார். சேற்றில் கிடந்த கம்பத்தைப் பார்த்தார். துரைசாணியின் கப்பலை நினைத்திருப்பார். கிராணியாரிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார்.

"சரிங்கிறாரு. ஏறு மேல," என்றார் கிராணியார்.

"அவரு வாயால சொல்லட்டும்."

"சரி, குடுக்கறேன்," என்றார் துரை.

பெண்கள் அத்தையைத் தூக்கிவிட்டார்கள். கோயிலுக்கென்று சொன்ன விளக்கு, மருந்து கொடுக்கும் கொட்டகையை ஒட்டிய பிரசவ அறைக்குப் போனது. "சாமி வெளக்கத் திருடுன வீடு" என்று பிள்ளைகள் என்னை விளையாட்டில் சேர்க்கவில்லை. அதனால்தான் அத்தையோடு எனக்குப் பேச்சு நின்றது.

திருவிழா அன்று, எல்லோரும் தீமிதி பார்க்கக் கிளம்பும் நேரத்தில், அம்மாவுக்கு வலி எடுத்தது. கோயில் மேளம் தூரத்தில் கேட்க, அந்த அறையின் வாசற்படியில் அத்தைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். பொழுது சாய்ந்ததும் எஞ்சின் ஓடத் தொடங்கி, ஜன்னல் மஞ்சளாயிற்று. குழந்தை அழுதது. அதன் பிறகும் கதவு திறக்கவில்லை. அத்தை உட்காரவே இல்லை.

கடைசியில் மருத்துவச்சி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"ரத்தம் நிக்கவே இல்ல. எங்கேருந்து வருதுன்னு கண்ணால பாத்ததால அடக்க முடிஞ்சுச்சு. தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க."

அத்தை சுவரில் சாய்ந்து, அப்படியே தரையில் சரிந்து, விம்மி விம்மி அழுதாள். குழியில் நின்றபோதுகூட அழாதவள். எனக்குப் பாவமாக இருந்தது. கோபத்தை விட்டு, பக்கத்தில் போய் அவள் தோளைத் தொட்டேன்.

"அழாதீங்கத்தே. தீமிதி அடுத்த வருசமும் வரும்," என்றேன்.